புது 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் மாட்டியதும் எஃப்பிஎஸ் குறைகிறதா?

60 ஹெர்ட்ஸ் மானிட்டரில் (நொடிக்கு 60 முறை புதுப்பிக்கும் திரை) 110 எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை ஃபிரேம், அதாவது படம்) காட்டிய கேம், புது 144 ஹெர்ட்ஸ் மானிட்டரில் 70-க்கு இறங்கினால் மானிட்டர் பழுது என்று அவசரப்பட்டுத் திருப்பி அனுப்ப வேண்டாம். ஃபிரேமை உருவாக்குவது கிராபிக்ஸ் கார்டும் பிராசஸரும்தான். வந்த ஃபிரேமைக் காட்டுவதோடு மானிட்டரின் வேலை முடிந்தது. ஆகவே மானிட்டரோடு சேர்ந்து வேறு என்ன மாறியது என்று தேடுங்கள்.

பெரும்பாலும் மாறியிருப்பது ரெசல்யூஷன், அதாவது திரையிலுள்ள பிக்சல்களின் எண்ணிக்கை. 1080பி திரையில் சுமார் 20.7 லட்சம் பிக்சல்கள், 1440பி-யில் 36.9 லட்சம், அதாவது 78 சதவீதம் கூடுதல். 4கே என்றால் சரியாக நான்கு மடங்கு. கார்டு அதேதான், வேலை மட்டும் ஏறிவிட்டது.

இதை உறுதிசெய்ய ஐந்து நிமிடம் போதும். கேமில் ஏதாவது ஓர் இடத்தில் நின்று எஃப்பிஎஸ்ஸைக் குறித்துக்கொள்ளுங்கள். மற்ற எதையும் தொடாமல் ரெசல்யூஷனை மட்டும் 1920×1080 ஆக்கி, அதே இடத்தில் மறுபடி பாருங்கள். ரெண்டர் ஸ்கேல் (ரெசல்யூஷனில் எத்தனை சதவீதத்தில் படம் உருவாகிறது என்பது) 100-இல் இருக்கிறதா என்பதையும் கவனியுங்கள். பழைய எண் திரும்பிவிட்டால் எதுவும் கெட்டுப்போகவில்லை.

அதற்காக 1440பி பேனலில் 1080பி வைத்தே விளையாடாதீர்கள். விகிதம் 1.33 என்பதால் பிக்சல்கள் நேராகப் பொருந்தாமல் எழுத்துகூட மங்கலாகத் தெரியும். ரெசல்யூஷனை 1440பி-யிலேயே விட்டு, சிறிய அளவில் உருவான படத்தைப் பெரிதாக்கிக் காட்டும் டிஎல்எஸ்எஸ் அல்லது எஃப்எஸ்ஆரில் குவாலிட்டி நிலையைத் தேர்ந்தெடுங்கள். உள்ளே 1707×960 அளவில்தான் ரெண்டர் ஆகும், படமோ கூர்மையாக இருக்கும். இன்னும் வேண்டுமென்றால் ரே டிரேசிங்கை (ஒளியை நிஜம்போல் கணக்கிடும் அமைப்பு) நிறுத்துங்கள், பிறகு நிழல், வால்யூமெட்ரிக் மூடுபனி ஆகியவற்றை ஒரு படி இறக்குங்கள். வீஆர்ஏஎம் (கார்டின் சொந்த நினைவகம்) நிரம்பாதவரை டெக்ஸ்சரில் கை வைக்கத் தேவையில்லை.

1080பி-க்கு மாற்றியும் எண் ஏறவில்லையா? கேபிளைப் பாருங்கள். டெஸ்க்டாப்பின் பின்பக்கம் மதர்போர்டு போர்ட்டில் அது செருகியிருந்தால், கேம் பிராசஸருக்குள் இருக்கும் சிறிய கிராபிக்ஸில் ஓடிக்கொண்டிருக்கலாம். கீழே படுக்கைவாட்டில் இருக்கும் கார்டின் போர்ட்டுக்கு மாற்றுங்கள். முடிந்தால் டிஸ்ப்ளேபோர்ட் கேபிளையே பயன்படுத்துங்கள், எச்டிஎம்ஐ 1.4 போர்ட்டில் 1440பி-க்கு 144 ஹெர்ட்ஸ் கிடைக்காது. செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்று போய் 144-ஐ நீங்களே தேர்ந்தெடுக்க வேண்டும். பல கணினிகளில் விண்டோஸ் 60-இலேயே நின்றுவிடும்.

அடுத்தது வி-சிங்க், அதாவது திரை புதுப்பிக்கும் நேரம்வரை ஃபிரேமைக் காத்திருக்க வைக்கும் அமைப்பு. ரெசல்யூஷன் மாறாதபோதும் எஃப்பிஎஸ்ஸைக் குறைக்கக்கூடியது இது, பலர் சந்தேகப்படாததும் இதுதான். கார்டு ஒரு ஃபிரேமுக்கு 15.4 மில்லிசெகண்ட் எடுக்கிறது, அதாவது 65 எஃப்பிஎஸ் தரக்கூடியது என்று வைத்துக்கொள்வோம். 60 ஹெர்ட்ஸ் திரை 16.7 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை புதுப்பிப்பதால் ஃபிரேம் நேரத்துக்குத் தயாராகி, நிலையான 60 கிடைக்கும். 144 ஹெர்ட்ஸ் திரையில் புதுப்பிப்பு 6.94 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை. இரண்டாவது புதுப்பிப்பு 13.9-இல் வந்து போய்விடும்; பஸ்ஸைத் தவறவிட்டவர் அடுத்ததற்கு நிற்பதுபோல ஃபிரேம் 20.8 வரை காத்திருக்கும். கிடைப்பது 48 எஃப்பிஎஸ். டபுள் பஃபரிங் (இரண்டு ஃபிரேமுக்கு மட்டும் இடம் வைத்திருக்கும்) வி-சிங்க் உள்ள கேம்களில் இப்படித்தான் 144, 72, 48 என்று படிப்படியாக விழும். 72-இலோ 48-இலோ எண் அசையாமல் நின்றால் காரணம் இதுவே.

தீர்வு ஜி-சிங்க் அல்லது ஃப்ரீசிங்க், அதாவது ஃபிரேம் தயாராகும்போதே திரை புதுப்பிக்கும் வசதி. முதலில் மானிட்டரின் சொந்த மெனுவில் அதை ஆன் செய்யுங்கள், பிறகு டிரைவரில். என்விடியா கார்டில் வி-சிங்க்கைக் கண்ட்ரோல் பேனலில் ஆன், கேமுக்குள் ஆஃப் என்று வைத்து, எஃப்பிஎஸ் வரம்பை 141 ஆக்குவது நல்ல அமைப்பு. என்விடியாவின் தாமதம் குறைக்கும் வசதியான ரிஃப்ளெக்ஸ் ஆன் ஆக இருக்கும் கேமில் 138-உடன் நின்றால் அது குறையல்ல, அப்படித்தான் நிற்கும்.

எந்த வரம்பும் இல்லாமல் கார்டின் பயன்பாடு 90 சதவீதத்துக்குக் கீழேயே இருந்தால் இழுத்துப்பிடிப்பது பிராசஸர். டாஸ்க் மேனேஜரில் அது 40 சதவீதம் என்று காட்டினாலும் ஏமாறாதீர்கள்; ஒரே ஒரு கோர் திணறினால் போதும். 60-இல் பூட்டி விளையாடிய காலத்தில் இது வெளியே தெரிந்திருக்காது. பயாஸில் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ (ரேமை அதன் அறிவித்த வேகத்தில் ஓடவிடும் அமைப்பு) ஆன் ஆக இருக்கிறதா, ரேம் இரண்டு குச்சியாக இரட்டைச் சேனலில் ஓடுகிறதா என்று பாருங்கள். நான்கு ஸ்லாட் உள்ள பெரும்பாலான போர்டுகளில் பிராசஸரிலிருந்து எண்ணி 2-ஆவதும் 4-ஆவதும்தான் சரியான இடம்.

பழைய மானிட்டரையும் பக்கத்தில் வைத்திருந்தால் அதன் கேபிளைக் கழற்றிவிட்டு ஒருமுறை சோதியுங்கள். விண்டோஸ் 10-இன் 2004 பதிப்புக்கு முன்பு, 60 ஹெர்ட்ஸ் திரையில் வீடியோ ஓடினாலே 144 ஹெர்ட்ஸ் திரையில் கேம் தடுமாறும். இப்போதும் இரண்டு திரையிலும் ஒரே படத்தைக் காட்டும் டூப்ளிகேட் வேண்டாம். விண்டோஸ்+P அழுத்தி எக்ஸ்டெண்ட் என்று மாற்றிவிடுங்கள்.

டிரைவரை முழுக்க நீக்கிவிட்டுப் புதிதாக நிறுவுவதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதைச் செய்தால் ஜி-சிங்க், வரம்பு எல்லாவற்றையும் மறுபடி அமைக்க வேண்டிவரும்.