துணையின் அமெரிக்கக் குடியேற்ற விசா: பழைய பயணங்கள், முகவரிகள், வேலைகளைத் தொகுக்கும் முறை

கணவருக்கோ மனைவிக்கோ அமெரிக்கக் குடியேற்ற விசா கேட்பவர்கள் திருமணச் சான்று, புகைப்படங்கள், வரிக் கணக்கு எல்லாவற்றையும் சில நாட்களில் சேர்த்துவிடுவார்கள். வாரக்கணக்கில் இழுப்பது டிஎஸ்-260 என்ற இணையவழிக் குடியேற்ற விசா விண்ணப்பப் படிவம் கேட்கும் பழைய விவரங்கள்தான். 16 வயதுக்குப் பிறகு வசித்த ஒவ்வொரு முகவரி, கடந்த 10 ஆண்டுகளில் பார்த்த வேலைகள், கடந்த 5 ஆண்டுகளில் போய்வந்த நாடுகள், அதே 5 ஆண்டுகளில் பயன்படுத்திய தொலைபேசி எண்கள், மின்னஞ்சல்கள், சமூக ஊடகக் கணக்குகள் என்று அது கேட்டுக்கொண்டே போகும். படிவத்தைத் திறந்து வைத்துக்கொண்டு இதையெல்லாம் யோசிக்க ஆரம்பித்தால் தவறு நிச்சயம். சுமார் 20 நிமிடம் எதையும் தொடாமல் இருந்தால் அந்தத் தளம் வெளியேற்றிவிடும். அந்த அவசரத்தில்தான் பலரும் ஒரு தேதியை ஊகித்துப் போட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போகிறார்கள்.

அந்த ஊகம் பின்னால் வந்து நிற்கும். இதே விவரங்களில் ஒரு பகுதியை, துணைக்காக முதலில் தாக்கல் செய்யும் ஐ-130 மனுவோடு போகும் ஐ-130ஏ படிவத்தில் ஏற்கெனவே கொடுத்திருப்பீர்கள். அது கடந்த 5 ஆண்டு முகவரிகளையும் வேலைகளையும் கேட்கிறது. முன்பு சுற்றுலா விசாவோ மாணவர் விசாவோ கேட்டிருந்தால், அப்போது நிரப்பிய டிஎஸ்-160 படிவமும் அமெரிக்க அரசிடம் இருக்கிறது. மூன்றிலும் மூன்று விதமாக இருந்தால் நேர்காணலில் கேள்வி வரும். முக்கியமான உண்மையைத் தெரிந்தே மாற்றிச் சொன்னதாக அதிகாரி முடிவு செய்தால், குடியேற்றச் சட்டத்தின் 212(ஏ)(6)(சி) பிரிவின்படி நிரந்தரத் தடையே விழலாம். மறதியால் வந்த பிழை அந்த வகையில் சேராது. ஆனால் அது மறதிதான் என்று விளக்கும் சுமை உங்கள் தலையில்.

அதனால் முதலில் ஒரே ஒரு காலவரிசை அட்டவணை. எல்லாப் படிவங்களும் அதிலிருந்தே நிரப்பப்பட வேண்டும். ஐ-130ஏ அனுப்புவதற்கு முன்பே இதைத் தொடங்குங்கள்.

எத்தனை ஆண்டுக்குத் தேட வேண்டும்

பயணத்துக்கு 5 ஆண்டு போதும் என்று டிஎஸ்-260 சொன்னாலும் 15 ஆண்டுக்குச் சேர்த்துவிடுவது நல்லது. நேர்காணலுக்குப் பிறகு சிலரிடம் டிஎஸ்-5535 என்ற கூடுதல் கேள்வித்தாளைக் கொடுக்கிறார்கள். 15 ஆண்டுப் பயணங்கள், அந்தச் செலவுக்கு எங்கிருந்து பணம் வந்தது, 15 ஆண்டு முகவரிகள், வேலைகள், இதுவரை வைத்திருந்த எல்லா பாஸ்போர்ட்டுகளின் எண்கள், உடன்பிறந்தவர்களின் பெயர், பிறந்த தேதி வரை அதில் உண்டு. எல்லோருக்கும் வராது. வந்துவிட்டால், விசா அந்தப் பதிலுக்காகக் காத்துக் கிடக்கும். ஏற்கெனவே பாஸ்போர்ட்டுகளைப் பரப்பி வைத்திருக்கும்போது கூடுதல் பத்து ஆண்டைக் குறிப்பது பெரிய வேலை இல்லை.

அட்டவணையை அமைப்பது

கணினியில் ஒரு விரிதாளைத் திறந்து, 16 வயது நிறைந்த மாதத்திலிருந்து இன்றுவரை மாதத்துக்கு ஒரு வரி போடுங்கள். 34 வயதுக்காரருக்கு 216 வரி வரும். பெரும்பாலானவை மேலே உள்ளதை அப்படியே நகல் எடுப்பதுதான். ஒவ்வொரு வரியிலும் அந்த மாதம் தங்கிய முகவரி, செய்த வேலை அல்லது படிப்பு, அதற்கான ஆதாரம். இப்படிப் போட்டால் காலியான மாதம் கண்ணை உறுத்தும். வேலை ஒரு நகரத்திலும் முகவரி இன்னொரு நகரத்திலும் இருக்கும் முரணும் உடனே தெரியும். பட்டியலாக எழுதும்போது இவை இரண்டும் ஒளிந்துகொள்ளும்.

பயணங்களுக்குத் தனித்தாள்: கிளம்பிய தேதி, போய் இறங்கிய தேதி, நாடு, ஊர், திரும்பிய தேதி, பயன்படுத்திய பாஸ்போர்ட் எண், காரணம், செலவு யாருடையது, ஆதாரம். இரண்டு தாள்களிலும் கடைசியில் ஒரு நெடுவரிசை சேர்த்து, தேதி உறுதியா, மாதம் மட்டும் உறுதியா, தோராயமா என்று குறியுங்கள். ஓராண்டு கழித்து நேர்காணலுக்குப் போகும்போது இந்த நெடுவரிசைதான் காப்பாற்றும்.

பாஸ்போர்ட்டிலிருந்து பயணங்களை எடுப்பது

ரத்தான பாஸ்போர்ட்டுகள் உட்பட எல்லாவற்றையும் எடுத்து, வெறும் பக்கங்களையும் விடாமல் ஸ்கேன் செய்யுங்கள். முத்திரைகள் பக்க வரிசையில் இருக்காது. அதிகாரி எந்தப் பக்கத்தைத் திறந்தாரோ அங்கே குத்தியிருப்பார். அதனால் முதலில் எல்லாத் தேதிகளையும் எழுதிவிட்டுப் பிறகு தேதிவாரியாக அடுக்குங்கள். உள்ளே போன முத்திரையும் வெளியே வந்த முத்திரையும் ஜோடி சேர வேண்டும். ஜோடி இல்லாத முத்திரை ஒன்று நின்றால், ஒரு பயணம் விட்டுப்போயிருக்கிறது அல்லது தேதி தவறாகப் படிக்கப்பட்டிருக்கிறது.

விசா ஸ்டிக்கர் இருப்பதாலேயே அந்த நாட்டுக்குப் போனதாக ஆகாது. இரவு விமானத்தில் கிளம்பிய நாளும் இறங்கிய நாளும் வேறாக இருக்கும், இரண்டையும் குறியுங்கள். 05-04 என்றால் ஏப்ரல் 5 என்று நாம் படிப்போம், அமெரிக்கப் பழக்கத்தில் அது மே 4. அட்டவணையில் மாதத்தை எழுத்தாலேயே எழுதிவிட்டால் இந்தக் குழப்பம் வராது.

முத்திரையே இல்லாத பயணங்கள்தான் அதிகம் விட்டுப்போகின்றன. ஹாங்காங் 2013 முதல் முத்திரைக்குப் பதில் சின்னத் துண்டுச் சீட்டு கொடுக்கிறது. இஸ்ரேலும் சீட்டுதான். சிங்கப்பூர் 2022-இல் வெளிநாட்டவர் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதை நிறுத்திவிட்டது. ஐரோப்பாவின் ஷெங்கன் பகுதியில், அதாவது தங்களுக்குள் எல்லைச் சோதனை இல்லாத நாடுகளில், முதல் நாட்டில் ஒன்று, கடைசி நாட்டில் ஒன்று, அவ்வளவுதான். நடுவில் ரயிலில் போய்வந்த நான்கு நாடுகளுக்குத் தடயமே இருக்காது. அங்கும் 2025 அக்டோபர் முதல் முத்திரைக்குப் பதில் கணினிப் பதிவு வரத் தொடங்கிவிட்டது. இந்தியக் குடிமக்கள் நேபாளம், பூட்டான் போனதற்கும் பாஸ்போர்ட்டில் எதுவும் இல்லாமல் போகலாம். தானியங்கி வாயில்களும் முத்திரை போடுவதில்லை.

விமான நிலையத்துக்குள்ளேயே விமானம் மாறியிருந்தால் அதைப் பயணமாகச் சேர்க்க வேண்டியதில்லை. குடிவரவைக் கடந்து வெளியே போய் ஓர் இரவு தங்கியிருந்தாலும் சேர்க்க வேண்டும். ஐயம் வந்தால் நாட்டை எழுதிவிடுங்கள். கூடுதலாக ஒரு நாடு இருப்பதால் யாருக்கும் கெடுதல் வந்ததில்லை.

பாஸ்போர்ட் தொலைந்திருந்தால் மின்னஞ்சலில் விமான நிறுவனங்களின் பெயர்களையும் 'டிக்கெட்', 'போர்டிங் பாஸ்' போன்ற சொற்களையும் ஆங்கிலத்தில் தேடுங்கள். விமான நிறுவன உறுப்பினர் கணக்கு, கடன் அட்டையில் அந்நிய நாணயச் செலவு வந்த மாதங்கள், கைப்பேசிப் படங்களில் பதிந்த இடமும் தேதியும், அலுவலகப் பயணப்படி விண்ணப்பங்கள் எல்லாம் உதவும். அமெரிக்கா போய்வந்தவர்கள் சுங்க எல்லைத் துறையின் ஐ-94 தளத்தில் பாஸ்போர்ட் எண்ணைக் கொடுத்து வருகை, புறப்பாடு வரலாற்றைப் பார்க்கலாம். பழைய எண்ணைத் தனியாகவும் போட்டுத் தேடுங்கள்; புதிய எண்ணில் பழைய பயணங்கள் வராமல் போகலாம். தரைவழியாக வெளியேறியது அதில் இல்லாமல் போகலாம். ஆஸ்திரேலியாவும் கனடாவும் கேட்டால் ஒருவரின் வருகைப் பதிவைத் தரும். பதில் வர நாளாகும் என்பதால் முதல் வாரத்திலேயே கேட்டுவிடுங்கள்.

அமெரிக்கா தொடர்பான கேள்விகள்

இங்கே கேள்விகள் கூர்மையானவை. கடைசி 5 வருகைகளின் தேதியும் தங்கிய காலமும், பெற்ற விசாவின் எண், எப்போதாவது விசா மறுக்கப்பட்டதா, விசா ரத்தானதா, நுழைவு மறுக்கப்பட்டதா. சுற்றுலா விசாவில் 214(பி) மறுப்பு (சொந்த நாட்டுக்குத் திரும்புவார் என்று அதிகாரி நம்பாததால் வரும் மறுப்பு) வாங்கியவர்கள் அதை நினைவில் வைத்திருப்பார்கள். 221(ஜி) தாள் (ஆவணமோ சரிபார்ப்போ மீதி இருப்பதாகச் சொல்லும் தாள்) கொடுத்துவிட்டுப் பிறகு விசா தந்திருந்தால், பலரும் அதை மறுப்பாகவே கருதுவதில்லை. சட்டப்படி அதுவும் மறுப்புதான். 'ஆம்' என்று சொல்லி, எந்த ஆண்டு, எந்தத் தூதரகம், பிறகு விசா வந்தது என்று ஒரு வரி எழுதுங்கள்.

அனுமதித்த நாளைத் தாண்டி அங்கே தங்கியிருந்தால் நாட்களை எண்ணிப் பாருங்கள். 180 நாளுக்கு மேல் ஓராண்டுக்குள் என்றால் வெளியேறிய நாளிலிருந்து 3 ஆண்டுத் தடை, ஓராண்டும் அதற்கு மேலும் என்றால் 10 ஆண்டு. இந்த நிலையில் இருப்பவர்கள் எதையும் அனுப்புவதற்கு முன்பு குடியேற்ற வழக்கறிஞரைப் பார்க்க வேண்டும்.

முகவரிகளும் போலீஸ் சான்றும்

வீட்டு முகவரி என்றதும் அடையாள அட்டையில் உள்ள நிரந்தர முகவரியை எழுதிவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. படிவம் கேட்பது உண்மையில் குடியிருந்த இடம். கல்லூரி விடுதி, நண்பர்களோடு எடுத்த அறை, வேலைக்காக ஆறு மாதம் தங்கிய ஊர் எல்லாம் சேரும். வாடகை ஒப்பந்தம் கிடைக்காவிட்டால் வங்கி அறிக்கையின் தலைப்பில் உள்ள முகவரி, விடுதிக் கட்டண ரசீது ஆகியவற்றைப் பாருங்கள். இணையக் கடைக் கணக்கில் உள்ள பழைய ஆர்டர்களின் முகவரி ஓர் அருமையான ஆதாரம். கதவு எண், அஞ்சல் குறியீடு, தேதி மூன்றும் ஒரே இடத்தில் கிடைக்கும்.

எந்தெந்த நாட்டின் போலீஸ் சான்று, அதாவது பிசிசி, வேண்டும் என்பதையும் இந்த முகவரிப் பட்டியலே முடிவு செய்கிறது. விண்ணப்பதாரருக்கு 16 வயது ஆகியிருந்தால் கணக்கு இப்படி:

- குடியுரிமை உள்ள நாடு: வாழ்நாளில் 6 மாதத்துக்கு மேல் அங்கே வசித்திருந்தால்.
- இப்போது வசிக்கும் நாடு, அது வேறு நாடானால்: 6 மாதத்துக்கு மேல் ஆகியிருந்தால்.
- முன்பு வசித்த வேறு நாடு: 16 வயதுக்குப் பிறகு 12 மாதமோ அதற்கு மேலோ இருந்திருந்தால்.
- கைது நடந்த எந்த நாடும்: எத்தனை நாள் இருந்தாலும்.

அமெரிக்காவில் வசித்ததற்கு இந்தச் சான்று தேவையில்லை. பத்தாண்டுக்கு முன் வளைகுடாவில் 14 மாதம் வேலை பார்த்தவருக்கும் அந்த நாட்டுச் சான்று வேண்டும் என்பது பலருக்குக் கடைசியில்தான் தெரிகிறது. அங்கே இல்லாமல் வாங்குவதற்குக் கைரேகை, பழைய வசிப்பு அனுமதியின் நகல் போன்றவை தேவைப்படலாம். ஒவ்வொரு நாட்டிலும் யார் தருகிறார்கள், எப்படிக் கேட்பது என்பதை அமெரிக்க வெளியுறவுத் துறை தன் தளத்தில் நாடுவாரியாகப் போட்டிருக்கிறது. சான்று 2 ஆண்டுக்குச் செல்லும். முன்பு வசித்த நாட்டில் வாங்கியது, அதன்பின் அங்கே திரும்பிப் போகவில்லை என்றால் காலாவதியாகாது. ஆகவே முன்பு வசித்த நாட்டின் சான்றை முதலில் கேளுங்கள், சொந்த நாட்டினுடையதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

வேலை, படிப்பு

நிறுவன முகவரி, பதவி, மேலதிகாரி பெயர், சேர்ந்த நாள், விலகிய நாள். விடுவிப்புக் கடிதமும் முதல், கடைசிச் சம்பளச் சீட்டுகளும் போதும். நிறுவனம் மூடப்பட்டிருந்தாலோ பெயர் மாறியிருந்தாலோ, வேலை பார்த்தபோது இருந்த பெயரையே எழுதுங்கள். வேலையில்லாத மாதங்களை மறைக்க முந்தைய வேலையின் தேதியை நீட்டாதீர்கள். வேலையில்லாமல் இருப்பது குற்றமில்லை, தேதியை நீட்டியது சம்பளச் சீட்டில் தெரிந்துவிடும்.

பெயர்கள்

தமிழர்களுக்கு இது தனிச் சிக்கல். பள்ளிச் சான்றில் முன்னெழுத்தோடு ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் முன்னெழுத்து விரிந்து தந்தை பெயர் குடும்பப் பெயராக, திருமணத்துக்குப் பிறகு கணவர் பெயரோடு இன்னொன்று. பாஸ்போர்ட்டில் உள்ளதே முதன்மைப் பெயர். மற்ற வடிவங்களையும், ஆவணத்தில் ஏறிய எழுத்து வேறுபாடுகளையும் 'பயன்படுத்திய பிற பெயர்கள்' பகுதியில் சேர்த்துவிடுங்கள். பாஸ்போர்ட்டில் ஒரே பெயர்தான் என்றால் அதைக் குடும்பப் பெயர் கட்டத்தில் எழுதி, மற்றதில் எஃப்என்யூ என்ற மூன்று ஆங்கில எழுத்துகளைப் போடுவது வழக்கம். சொந்த மொழியில் பெயர் கேட்கும் கட்டத்தில் மட்டும் தமிழில் எழுதலாம், மற்றவை ஆங்கில எழுத்தில்.

எண்கள், கணக்குகள், குடும்பம்

5 ஆண்டுக்குள் பயன்படுத்திய சமூக ஊடகங்களில் பயனர் பெயரை மட்டும் கொடுக்க வேண்டும், கடவுச்சொல் கேட்க மாட்டார்கள். கைவிட்ட கணக்கும் சேரும். வெளிநாட்டில் சில மாதம் வைத்திருந்த சிம் எண்ணும் சேரும். வங்கிகள் அனுப்பிய பழைய மின்னஞ்சல்களில் அந்த எண்ணின் கடைசி இலக்கங்களாவது கிடைக்கும்.

பெற்றோரின் பிறந்த தேதியை ஐ-130ஏ-வில் எழுதியபடியே எழுதுங்கள். முந்தைய திருமணம் இருந்தால் தொடங்கிய, முடிந்த தேதிகளும் அதற்கான தீர்ப்பும் வேண்டும். உடன் வராத பிள்ளைகள், வளர்ந்துவிட்டவர்கள், தத்துப் பிள்ளைகள் உட்பட எல்லோரையும் குறிப்பிட வேண்டும். தள்ளுபடியான வழக்கானாலும் கைது நடந்திருந்தால் சொல்லிவிட்டு நீதிமன்றத் தாள்களை இணையுங்கள்.

நிரப்பி அனுப்பும்போது

பெரும்பாலும் அமெரிக்காவில் இருக்கும் துணைதான், தேசிய விசா மையமான என்விசி தரும் வழக்கு எண்ணையும் இன்வாய்ஸ் எண்ணையும் போட்டுப் படிவத்தை நிரப்புகிறார். ஆனால் நேர்காணலில் உண்மை என்று உறுதிமொழி எடுப்பவர் விண்ணப்பதாரர். அனுப்புவதற்கு முன் இருவரும் தொலைபேசியில் உட்கார்ந்து, ஒவ்வொரு விடையையும் விண்ணப்பதாரர் வாய்விட்டுப் படித்து அட்டவணையோடு ஒப்பிட வேண்டும். ஒரு மணி நேரம் ஆகும். இதை மட்டும் தவிர்க்காதீர்கள். இருவரும் சந்தித்த பயணங்களின் தேதிகள் இருவர் பாஸ்போர்ட்டிலும் ஒத்துப்போகின்றனவா என்பதையும் அப்போதே பாருங்கள்.

நாள் தெரியாத தேதிக்கு மாதமும் ஆண்டும் சரியாக இருக்கும்படி ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அட்டவணையில் தோராயம் என்று குறித்துக்கொள்ளுங்கள். முழு விண்ணப்பத்தையும் கோப்பாகச் சேமித்துவிட்டு, உறுதிப் பக்கத்தை அச்செடுங்கள். அனுப்பிய பிறகு நீங்களாகத் திருத்த முடியாது. என்விசி படிவத்தைத் திறந்துவிட வேண்டும், இல்லையென்றால் நேர்காணலில் சொல்லித் திருத்த வேண்டும். பிழை கண்ணில் பட்டால் ஒரு தாளில் பக்கத் தலைப்பு, எழுதியது, சரியானது, ஆதாரம் என்று குறித்து, பழைய பாஸ்போர்ட்டுகள் அனைத்தோடும் எடுத்துப் போங்கள். அதிகாரி கேட்கும்வரை காத்திருக்காமல், உறுதிமொழி எடுப்பதற்கு முன்பே அந்தத் தாளைக் கொடுத்துவிடுங்கள்.