எலும்பு முறிஞ்சால் ஹொஸ்பிட்டல்ல என்ன சொல்லுவினம்: ஒன்ராறியோவுக்குப் புதுசா வந்த எங்கட ஆக்களுக்கு

வந்து முதல் விண்டர்ல ஐஸில வழுக்கி விழாத ஆக்கள் குறைவு. நானும் விழுந்தனான், ஸ்காபரோவில பஸ் ஸ்டொப்புக்கு முன்னால, கையை ஊண்டினபடி விழுந்து மணிக்கட்டு வீங்கிப்போச்சு. எமர்ஜென்சில எக்ஸ்ரே எடுத்திட்டு டொக்டர் ஃபிரக்சர் எண்டு சொன்னா. ஃபிரக்சர் எண்டால் சின்ன வெடிப்பு, பிரேக் எண்டால்தான் முறிவு எண்டு நான் மனசில வைச்சிருந்தபடியால அப்பாடா முறியேல்லை எண்டு வீட்ட வந்து, மூண்டாம் நாளே ஸ்பிளின்டை, கை அசையாமல் வைச்சுக் கட்டிவிட்ட மட்டையை, கழட்டி வைச்சிட்டு பெட்டி அடுக்கிற வேலைக்குப் போயிட்டன். அடுத்த கிழமை திருப்பி எக்ஸ்ரே எடுக்கேக்க எலும்பு விலகியிருந்தது, பிறகு தகடும் ஸ்குரூவும் வைச்சு ஒப்பரேஷன். ஒரு சொல்லைப் பிழையா விளங்கினதால வந்த வினை, அதாலதான் இவ்வளவு நீளமா எழுதுறன்.

முதல்ல இதைப் பிடிச்சுக்கொள்ளுங்கோ: ஃபிரக்சரும் பிரேக்கும் ஒண்டுதான். டொக்டர்மார் எழுதுறது ஃபிரக்சர், வாயால சொல்லுறது பிரேக், ரெண்டும் முறிவு. மெல்லிசா வெடிச்சால் ஹெயார்லைன் ஃபிரக்சர், அதுவும் முறிவுதான், ஆனா துண்டுகள் இருந்த இடத்திலயே இருக்கு. அதனால நீங்கள் கேக்கவேண்டிய கேள்வி "முறிஞ்சிட்டுதோ" எண்டில்லை, "டிஸ்பிளேஸ்டோ" எண்டுதான். டிஸ்பிளேஸ்ட் எண்டால் துண்டு விலகிட்டுது, நொன்-டிஸ்பிளேஸ்ட் எண்டால் விலகேல்லை. விலகாததை அசையாமல் வைச்சிருந்தால் பெரும்பாலும் தானாப் பொருந்தும், நான் செய்த மாதிரி இடையில கழட்டிப் பாரம் தூக்கினால் விலகும்.

கொமினியூட்டட் எண்டால் பல துண்டா நொறுங்கிட்டுது. கொம்பவுண்ட் எண்ட சொல்லைக் கேட்டுக் கனபேர் அதையும் நொறுங்கினது எண்டு நினைக்கினம், அது வேற, ஓபன் ஃபிரக்சர் எண்டு சொல்லுறதும் அதைத்தான், முறிஞ்ச இடத்தில தோல் கிழிஞ்சு காயம் எலும்பு வரைக்கும் போயிருக்கு எண்டு அர்த்தம். அப்பிடி இருந்தால் ஒண்டையும் யோசிக்காமல் 911 அடியுங்கோ, சுத்தமான துணியால மெதுவா மூடுங்கோ, எலும்பு தெரிஞ்சால் உள்ள தள்ளாதேங்கோ. கிருமி போனால் அந்த எலும்பு பொருந்துறது பெரும்பாடு.

ரிடக்ஷன் எண்டு ஒரு சொல் வரும், எதையோ குறைக்கப்போகினம் எண்டு பயப்பிடாதேங்கோ, விலகின எலும்பைத் திருப்பி நேராக்குறதுதான் அது. விறைக்கப்பண்ணி வெளியால இழுத்துச் சரிசெய்தால் குளோஸ்ட் ரிடக்ஷன், வெட்டித் திறந்து தகடு ஸ்குரூ வைச்சால் ஓ ஆர் ஐ எஃப் எண்டு நாலு எழுத்தில பேப்பர்ல எழுதுவினம்.

ஐஸில கை ஊண்டி விழுறவைக்குக் கூட வாறது டிஸ்டல் ரேடியஸ், முழங்கைக்குக் கீழ இருக்கிற ரெண்டு எலும்பில பெருவிரல் பக்கத்து எலும்பு மணிக்கட்டுக்குக் கிட்ட முறியிறது. அதில துண்டு புறங்கைப் பக்கமாச் சாய்ஞ்சால் கோலிஸ் ஃபிரக்சர் எண்டும் சொல்லுவினம், ஏபிரகாம் கோலிஸ் எண்ட டப்ளின் சத்திரசிகிச்சை டொக்டர் 1814இல எழுதினது, எக்ஸ்ரே கண்டுபிடிச்சதே 1895இலதான், மனுஷன் கையைப் பாத்தும் தடவியுமே அதைப் பிடிச்சிருக்கிறார். பக்கவாட்டில பாத்தால் கை முள்ளுக்கரண்டி வளைஞ்ச மாதிரித் தெரியும்.

இன்னொண்டு ஸ்கபாயிட், பெருவிரலை மேல தூக்கிப் பிடிச்சால் அடியில ஒரு பள்ளம் தெரியுமே, அதுக்குள்ள இருக்கிற சின்ன எலும்பு. இது பொல்லாதது. முதல் நாள் எக்ஸ்ரேயில தெரியாமலே போகலாம். எக்ஸ்ரே கிளியர் எண்டு சொல்லியும் அந்தப் பள்ளத்தை அமத்த நோகுதெண்டால் கட்டாயம் சொல்லுங்கோ, காஸ்ட் எண்ட சுத்திப் போடுற கெட்டிக் கட்டோ ஸ்பிளின்டோ போட்டுவிட்டு 10, 14 நாளில திருப்பி எடுப்பினம். அந்த எலும்புக்கு ரத்த ஓட்டம் குறைவு, கவனிக்காமல் விட்டால் பொருந்தாமலே நிண்டிடும், அதுக்கு நொன்யூனியன் எண்டு பேர், கோணலாப் பொருந்தினால் மல்யூனியன்.

பிள்ளைகளின்ர எலும்பு பச்சைத் தடி மாதிரி, முறிக்கப் போனால் ஒரு பக்கம் வெடிச்சு மற்றப் பக்கம் வளைஞ்சு நிக்கும், அதுதான் கிறீன்ஸ்டிக். பக்கிள் எண்டால் முழுசா முறியாமல் அமுங்கிப் புடைச்சது, கழட்டிப் போடக்கூடிய ஸ்பிளின்டோட மூண்டு கிழமை அளவில சுகம் வரும். குரோத் பிளேட் எண்டு சொன்னால் மட்டும் காது குடுத்துக் கேளுங்கோ, எலும்பு வளருற இடம் அது, சோல்ட்டர்-ஹரிஸ் 1இல இருந்து 5 வரைக்கும் நம்பர் போட்டுச் சொல்லுவினம், அப்பொயின்ட்மென்ட் ஒண்டையும் தவறவிடாதேங்கோ.

ஊரில இருந்து வந்த அம்மா அப்பா விழுந்தால் ஹிப் ஃபிரக்சர் எண்டு கேள்விப்படுவீங்கள். இடுப்பு எண்டு மொழிபெயர்த்தாலும் முறியிறது தொடை எலும்பின்ர மேல்நுனிதான். ஒரு கால் கட்டையாகி வெளிப்பக்கமாத் திரும்பியிருக்கும், எழும்பேலாது. தூக்கி நிமித்தி நடக்க வைக்கப் பாக்காதேங்கோ, 911 அடியுங்கோ. ஒப்பரேஷன் 48 மணித்தியாலத்துக்குள்ள செய்யவேணும் எண்டதுதான் இங்கத்தைய நியமம், வயசுபோனவையை வெட்டப்போகினமே எண்டு குடும்பமாக் கூடி நாள் கடத்தினால் படுக்கையில கிடந்தே சளியும் ரத்தக்கட்டும் வந்து நிலைமை மோசமாப் போகும். நிண்ட உயரத்தில இருந்து விழுந்ததுக்கே முறிஞ்சதெண்டால் அதை ஃபிரஜிலிட்டி ஃபிரக்சர் எண்டுவினம், எலும்பு மெலிஞ்சிட்டுது எண்ட அறிகுறி, எலும்பின்ர அடர்த்தியைப் பாக்கிற போன் டென்சிட்டி டெஸ்டுக்கு ஃபமிலி டொக்டரை நீங்களே கேளுங்கோ.

விழுந்த உடனை எண்ணெய் போட்டு உருவுறது எங்கட பழக்கம். ஊரில முறிவு நெரிவு பாக்கிற பரியாரியிட்டப் போய் வளந்த ஆக்கள் நாங்கள், அந்தக் கைப்பக்குவத்தில எனக்கும் மரியாதை இருக்கு, ஆனா எக்ஸ்ரே எடுக்கிறதுக்கு முதல் உருவாதேங்கோ, விலகாதது விலகிப்போகும். சுளுக்கோ முறிவோ எண்டு தெரியாமல் இருந்தால் 811க்கு அடிச்சு நேர்சோட கதைக்கலாம், இரவு பகல் எந்த நேரமும்.

எமர்ஜென்சில வந்த ஒழுங்கில கூப்பிடமாட்டினம், ட்ரையாஜ் நேர்ஸ் 1இல இருந்து 5 வரைக்கும் அவசரத்தின்ர படி பிரிப்பா, முறிஞ்ச கையோட மணிக்கணக்கா இருக்கவேண்டி வரலாம். நோவு பத்துக்கு எத்தினை எண்டு கேப்பினம். நாங்கள் பல்லைக் கடிச்சுக்கொண்டு "பரவாயில்லை" எண்டு சொல்லிப் பழகின சனம், இங்க அப்பிடிச் சொன்னால் பரவாயில்லை எண்டே எழுதுவினம், எட்டெண்டால் எட்டு எண்டு சொல்லுங்கோ. எப்பிடி விழுந்தது, எந்தப் பக்கம், கை ஊண்டினதோ எண்டு விபரமாச் சொல்லுங்கோ, அதை வைச்சுத்தான் எந்த எலும்பைப் பாக்கிறதெண்டு முடிவெடுப்பினம். ஒப்பரேஷன் தேவைப்படலாம் எண்டபடியால கேக்காமல் தேத்தண்ணியும் குடிக்காதேங்கோ. இங்கிலிஷ் வராட்டி தமிழ் இன்டர்பிரட்டர் கேளுங்கோ, கன ஹொஸ்பிட்டல்ல ஃபோன்லயாவது எடுத்துத் தருவினம், பத்து வயசுப் பிள்ளையை இடையில விட்டு மொழிபெயர்க்க வைக்காதேங்கோ.

அண்டைக்கு முழு காஸ்ட் போடாமல் ஸ்பிளின்ட் மட்டும் போட்டு அனுப்பினால் ஏமாத்தினமெண்டு நினைக்காதேங்கோ, வீக்கத்துக்கு இடம் விடுறதுக்காகத்தான் அப்பிடி. ஃபிரக்சர் கிளினிக்கில இருந்து ஃபோன் வரும், நம்பர் தெரியாமல் பிரைவேட் எண்டு விழுந்தாலும் எடுங்கோ. ரெண்டு மூண்டு நாள் கையை நெஞ்சுக்கு மேல உயத்தி வையுங்கோ. விரல் நீலமாகினாலோ வெளிறினாலோ, விறைச்சாலோ, மருந்து போட்டும் நோவு ஏறிக்கொண்டே போனாலோ, விரலை நீட்டிப் பாக்க உயிர்போற மாதிரி நொந்தாலோ விடியும்வரைக்கும் பாத்துக்கொண்டிருக்காமல் உடனை எமர்ஜென்சிக்குத் திரும்பிப் போங்கோ, இது விளையாட்டில்லை, சில மணித்தியாலத்தில தசை செத்துப்போகும். கடிக்குதெண்டு பின்னல் ஊசியை உள்ள விட்டுச் சொறியாதேங்கோ. கால் முறிஞ்சவைக்கு நொன் வெயிட் பெயரிங் எண்டு எழுதினால் ஒரு அடிகூட ஊண்டக்கூடாது எண்டு அர்த்தம்.

காசு விஷயம். ஓஹிப் (ஒன்ராறியோ அரசாங்கத்தின்ர மருத்துவக் காப்புறுதி) இருந்தால் டொக்டர், எக்ஸ்ரே, ஒப்பரேஷன் எல்லாம் அதுக்குள்ள. ஃபைபர்கிளாஸ் காஸ்டுக்குக் கன இடத்தில உங்கட கைக்காசு குடுக்கவேணும், சாதாரண பிளாஸ்டருக்கு இல்லை, அதால போடமுதல் கேளுங்கோ. அம்புலன்ஸ் அவசரமெண்டு டொக்டர் ஏத்துக்கொண்டால் 45 டொலர், ஓஹிப் இல்லாட்டி 240. சூப்பர் விசாவில வந்த பெற்றோருக்கு ஓஹிப் இல்லை, குறைஞ்சது 100,000 டொலர் இன்சூரன்ஸ் எடுத்துத்தான் வந்திருப்பினம், அந்தப் பேப்பர் எங்க இருக்கெண்டு இண்டைக்கே தேடி வையுங்கோ.

வேலையில விழுந்தால் வேலையில விழுந்தனான் எண்டே சொல்லுங்கோ. வீட்டில விழுந்ததெண்டு சொல்லச் சொல்லி முதலாளி கெஞ்சினாலும் சொல்லாதேங்கோ, வேலையில காயப்பட்டவைக்குக் காசு குடுக்கிற டபிள்யூ எஸ் ஐ பி எண்ட அமைப்பிட்ட கிளெயிம் பண்ண 6 மாசம்தான் இருக்கு. சிற்றியின்ர நடைபாதையில ஐஸில விழுந்து நட்டஈடு கேக்கிறதெண்டால் 10 நாளுக்குள்ள சிற்றிக்கு எழுத்தில அறிவிக்கவேணும், தனியார் இடமெண்டால் 60 நாள், விழுந்த இடத்தைப் படம் எடுத்து வையுங்கோ.

மணிக்கட்டு பொருந்த ஆறு கிழமை அளவு, கீழ்க்கால் எலும்புக்கு மாசக்கணக்கு. காஸ்ட் கழட்டினவுடனை கை மெலிஞ்சு, மடக்க நீட்ட ஏலாமல் இறுகி, ஆரோவின்ர கை மாதிரி இருக்கும், பயப்பிடாதேங்கோ. பிசியோதெரபி 65 வயசு வந்தவைக்கும், 19 வயசு வரைக்குமான ஆக்களுக்கும், ஹொஸ்பிட்டல்ல இரவு தங்கி வந்தவைக்கும் அரசாங்கம் காசு குடுக்கிற கிளினிக்குகளில இலவசம், டொக்டரிட்ட றெஃபரல் கேளுங்கோ. காஸ்ட் போட்டிருக்கிற நாளிலயும், டொக்டர் வேண்டாமெண்டு சொல்லாட்டி, வெளியில தெரியிற விரல்களை மணித்தியாலத்துக்கொருக்கால் மடக்கி நீட்டுங்கோ. நான் அதைச் செய்யேல்லை, ஒப்பரேஷனுக்குப் பிறகு திரும்பச் சோறு குழைச்சுச் சாப்பிட எனக்கு ரெண்டு மாசம் எடுத்தது.