புத்துக்காளான் பறிக்கப் போறீங்களா, முதல்ல வேரப் பாருங்க

ஐப்பசியில ரெண்டு நாள் மழை பெஞ்சு, இடியும் இடிச்சு, மறுநாள் புழுக்கமா விடிஞ்சுச்சுன்னா எங்க அப்பத்தா ஓலைப்பெட்டிய எடுத்துட்டு காட்டோரம் கிளம்பிரும், நானும் பின்னாடியே ஓடுவேன். அஞ்சரை ஆறு மணிக்கெல்லாம் போயிரணும், வெயில் ஏறுனா குடை விரிஞ்சு ஈ மொய்ச்சு மத்தியானத்துக்குள்ள புழு வச்சிரும்.

புதுசா பறிக்கிறவங்க புத்துக்காளான் ஒண்ண மட்டும் கத்துக்கிட்டா போதும், மத்தத தொடவே வேணாம். கரையான் புத்துக்குள்ள இலை தழை கட்டையெல்லாம் மென்னு தேன்கூடு மாதிரி ஒரு கூடு கட்டி அதுல ஒரு பூசணத்த வளக்குது, அந்தப் பூசணம்தான் மழைக்கு குடையா வெளிய வருது. அதனால இது புத்து மேலயோ புத்த சுத்தியோதான் முளைக்கும், சிலசமயம் புத்து மண்ணுக்கடியில மறைஞ்சிருக்கும், மேல ஒண்ணுமே தெரியாது.

அடையாளம் பாக்குறதுக்கு ஒரு காளான மட்டும் முழுசா தோண்டி எடுங்க, இத விட்டுறவே கூடாது. குச்சிய வச்சு மண்ண மெதுவா விலக்கிட்டே போனா தண்டு கீழ போகப்போக மெலிஞ்சு நீளமா வேர் மாதிரி கரையான் கூடு வரைக்கும் இறங்கும். குடை நடுவுல கூரா கெட்டியா ஒரு முனை இருக்கும், அடியில இருக்கிற மடிப்பு வெள்ளையா இருந்து போகப்போக லேசா ரோஸ் நிறம் ஆகும். வேர் இல்லாம தண்டோட அடி உருண்டையா, முட்டை ஓட்டுக்குள்ள உக்காந்த மாதிரி ஒரு பைக்குள்ள இருந்துச்சுன்னா அப்படியே போட்டுட்டு கைய கழுவுங்க, அமனிட்டா வகை அப்படித்தான் இருக்கும், அதுல ஆளையே கொல்ற காளானும் இருக்கு. தண்டுல வளையம் இருக்கா இல்லையான்னு மட்டும் பாத்து முடிவு பண்ணாதீங்க, புத்துக்காளான்லயும் சில வகைக்கு வளையம் உண்டு. மேலோட அறுத்துட்டு வந்துட்டா அடி எப்படி இருந்துச்சுன்னு வீட்ல வச்சு யாராலயும் சொல்ல முடியாது.

வேர் சரியா இருந்தா மத்ததையெல்லாம் மண் மட்டத்துல கத்தியால அறுத்துக்கங்க, கடப்பாறை போட்டு புத்த இடிக்காதீங்க, கூடு நல்லாருந்தா அடுத்த மழைக்காலத்துலயும் அங்கயே வரும். புத்துப் பொந்துல கைய விடாதீங்க, பாம்பு இருக்கும். மஞ்சள் குங்குமம் வச்சு கும்பிடுற புத்துப் பக்கம் போக வேணாம், ரிசர்வ் ஃபாரஸ்ட்டுக்குள்ளயும் அனுமதி இல்லாம போகாதீங்க.

வீட்டுக்கு வந்ததும் ஒரு குடைய பாதி வெள்ளைப் பேப்பர், பாதி கருப்புப் பேப்பர் மேல மடிப்பு கீழ பாக்குற மாதிரி கவுத்து, டம்ளர் போட்டு மூடி சில மணி நேரம் விடுங்க. ரோஸ் பொடி விழணும். பச்சையா விழுந்தா அது புல்தரையில, மேய்ச்சல் காட்டுல பெருசா வெள்ளையா வர்ற விஷக்காளான், சாப்பிட்ட சில மணி நேரத்துல வாந்தியும் பேதியும் போட்டு எடுத்துரும். ரோஸ் பொடி விழுற விஷக்காளானும் இருக்கு, அதனால புத்து, வேர், முனை, பொடி நாலும் ஒத்துவந்தாதான் அடுப்புல ஏத்தணும். வெள்ளிக் காசு கருக்குதா, சமைக்கிறப்ப போட்ட மஞ்சள்தூள் நிறம் மாறுதா, பூச்சி கடிச்சிருக்கான்னு பாக்குறதெல்லாம் சுத்தமா நம்பக்கூடாது, எங்க ஊர்லயே பெரியவங்க இன்னமும் சொல்லிட்டுத்தான் இருக்காங்க.

மண்ணு போக அலசி, நல்லெண்ணெயில சின்ன வெங்காயம், மிளகு போட்டு நல்லா வேக வச்சா கறி தோத்துரும். முதல் தடவை ரெண்டு வாய் போதும். சமைக்காத காளான் ஒண்ண முழுசா எடுத்து வைங்க, ஏதாச்சும் ஆனா டாக்டர்கிட்ட காட்டணும். கொல்ற அமனிட்டாவோட விஷம் கொதிக்க வச்சாலும் போகாது, ஆறு மணி நேரத்துக்கு மேலயும் ஒண்ணுமே தெரியாம இருந்து அப்புறம்தான் வயிறு புடுங்கும், நடுவுல ஒரு நாள் சரியான மாதிரி காட்டிட்டு ஈரல்ல கைய வச்சிரும், அதனால வாந்தி நின்னுருச்சுன்னு வீட்லயே படுத்துறாம 108-க்கு போன் பண்ணி பெரிய ஆஸ்பத்திரிக்கு போயிருங்க.