அந்த நாலு ரன் யாருடையது? பழைய விளையாட்டுக் கணக்கைத் திருத்தும்போது செய்யக் கூடாத தவறுகள்

கோபிசெட்டிபாளையத்தில் ஒரு பேக்கரி. டீயும் தேங்காய் பன்னும் வந்ததும் பெரியவர் நேராக விஷயத்துக்கு வந்துவிட்டார். "ஏனுங் தம்பி, அது தொண்ணூத்தேழு இல்லீங்க. நூத்தியொண்ணு. நான் எண்ணிக்கிட்டேதானுங்க அடிச்சேன்."

1976-ல் தேங்காய் நார் பாய் விரித்து ஆடிய ஆட்டம் அது. ஸ்கோர் புக்கில் அவர் பெயருக்கு நேரே 97 இருக்கிறது. உள்ளூர் கிரிக்கெட் கணக்குகளை நான் தொகுக்கத் தொடங்கி சில வருடங்கள் ஆகின்றன. பீரோவுக்கு அடியில் ராமபாணப் பூச்சி அரித்த ஸ்கோர் புக்குகள், பள்ளிச் சுவர்ப் பலகைகள், விழா மலர்கள் என்று கையில் கிடைத்ததையெல்லாம் கணினியில் ஏற்றுகிறேன். இதில் நான் செய்த தவறுகளும், மற்றவர்கள் செய்யப் பார்த்தவையும் நிறைய. எல்லாவற்றிலும் பெரிய தவறு, பிழை கண்ணில் பட்டவுடன் திருத்திவிடுவது. பெரியவரின் பக்கத்தையே எடுத்துக்கொள்ளலாம்.

மொத்தம் 187 என்று போட்டிருந்தது. மட்டையாளர்களின் ரன்களைக் கூட்டினால் 168, உதிரி (எக்ஸ்ட்ரா) 15. ஆக 183. நாலு ரன்னைக் காணோம். இங்கே பலரும் மொத்தத்தை 183 ஆக்கிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்கள். நானும் அப்படிச் செய்ய இருந்தவன்தான். மொத்தம் என்பது மைதானத்துப் பலகையில் ஓவருக்கு ஓவர் ஏறுவது. இரண்டு அணியும் பார்த்துக்கொண்டிருக்கும். தனி ஆளின் வரிசையில் ஒரு குறி விட்டுப்போவதுதான் சுலபம். அதனால் முதலில் பந்துவீச்சுப் பக்கத்தைப் பார்க்க வேண்டும்.

அங்கேயும் வழுக்கினேன். இன்றைய விதிப்படி வைடும் நோ பாலும் பந்துவீச்சாளர் தலையில் விழும். பை, லெக் பை மட்டும் விலக்கு. அந்த ஆட்டத்தின் உதிரிகள் பை 6, லெக் பை 2, வைடு 4, நோ பால் 3. ஆக, 187-ல் 8 போக பந்துவீச்சாளர்கள் கொடுத்தது 179 இருக்க வேண்டும். பக்கத்தில் இருந்ததோ 172. ஏழு ரன் இடிக்கிறதே, இந்த ஸ்கோரர் கணக்கில் ரொம்ப மோசம் போலிருக்கிறது என்று மனதுக்குள் திட்டிவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது, வைடும் நோ பாலும் பந்துவீச்சாளர் கணக்கில் சேர ஆரம்பித்தது 1980-களில். 1976-ல் உதிரி 15-ஐயும் கழித்துத்தான் பார்க்க வேண்டும். 187-ல் 15 போனால் 172. பக்கம் ஒரு ரன் கூடப் பிசகாமல் நிற்கிறது. விதி தெரியாதவன் நான். திட்டு வாங்கியவர் அந்த ஸ்கோரர்.

பழைய பக்கத்தைச் சரிபார்க்கும் முன் அந்த வருடத்து விதியைத் தெரிந்துகொள்ளாமல் பேனாவை எடுக்கக் கூடாது என்பதை நான் இப்படித்தான் கற்றேன். கிரிக்கெட்டோடு இது நிற்பதுமில்லை. நம் ஊர் வாலிபால் போட்டிகளின் பழைய தாளில் ஒரு செட் 15-9 என்று இருந்தால் பாதியில் நின்ற ஆட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். சர்வீஸ் போட்ட அணிக்கு மட்டுமே புள்ளி கிடைத்த காலத்தில் செட் 15-ல் முடியும். 25 புள்ளி முறை அதற்குப் பின் வந்தது. கூடைப்பந்தில் சர்வதேச விதியில் மூன்று புள்ளிக் கோடு வந்ததே 1984-ல். அந்தக் கோடே இல்லாத காலத்தில் ஒருவர் எடுத்த 40 புள்ளியையும் இன்றைய 40 புள்ளியையும் ஒரே பட்டியலில் மேலும் கீழுமாக அடுக்குவது அநியாயம்.

சரி, நாலு ரன்னுக்கு வருவோம். மொத்தம் சரி என்றால் விட்டுப்போனது ஒரு மட்டையாளர் வரிசையில்தான். பந்துவீச்சுக் கட்டங்களில் இருந்த பவுண்டரிகளை எண்ணினேன், 17. மட்டையாளர் வரிசைகளில் 16. ஆக, ஒரு நாலு யாருக்கும் ஏறவில்லை. எந்த நேரத்தில்? விக்கெட் விழும்போதெல்லாம், எதிர்முனையில் நின்றவர் அதுவரை எடுத்த ரன்னையும் ஓரத்தில் சின்னதாகக் குறித்து வைத்திருந்தார் அந்த ஸ்கோரர், புண்ணியவான். அதை வைத்து ஒவ்வொரு ஜோடியாகப் பார்த்ததில், மூன்றாவது விக்கெட்டுக்கும் நான்காவது விக்கெட்டுக்கும் இடையில்தான் உதைத்தது. அந்த ஓவர்களில் மட்டையால் வந்தது 50. பெரியவருக்கு ஏறியது 29, கூட ஆடியவருக்கு 17. சேர்த்தால் 46.

அதற்கு மேல் போக வழியில்லை. அந்த மாதிரி ஸ்கோர் புக்கில் எந்தப் பந்தை யார் ஆடினார் என்று தெரியாது. நாலு ரன் பெரியவருடையதாக இருந்தால் அவருக்குச் சதம். கூட ஆடியவருடையதாக இருந்தால் அவருடைய 31, 35 ஆகும். அவர் இப்போது உயிரோடு இல்லை, கேட்கவும் ஆளில்லை. யாருக்குக் கொடுக்கத் தோன்றும் என்று சொல்லவே வேண்டாம். எதிரில் உட்கார்ந்து பன்னைப் பிட்டு என் தட்டில் வேறு வைக்கிறார்.

போதாததற்கு ஒரு விழா மலரிலும் '101' என்று அச்சாகியிருந்தது. ஆட்டத்துக்கு இருபத்தைந்து வருடம் கழித்து வந்த மலர். அதைப் பார்த்துத்தான் ஒருவர் இணையத்தில் ஏற்றியிருந்தார், இன்னொருவர் அதைப் பார்த்து எடுத்துப் போட்டிருந்தார். மூன்று இடத்தில் இருக்கிறதே, பிறகென்ன சந்தேகம் என்றார்கள். மலரைத் தயாரித்தவரைத் தேடிப் பிடித்துக் கேட்டால், "அண்ணன் சொன்னதைத்தானுங்க போட்டோம்" என்றார். மூன்று சொம்பிலும் ஒரே கிணற்றுத் தண்ணீர். சாட்சிகளை எண்ணும் முன் ஒவ்வொன்றும் எங்கிருந்து எடுத்தது என்று கேட்டுப் பார்க்காததுதான் இந்த வேலையில் நான் அதிகம் பார்க்கும் தவறு. ஞாபகம் பொய் என்று சொல்லவில்லை. எந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்க வேண்டும் என்று ஞாபகம் காட்டும். அவர் சொல்லியிருக்காவிட்டால் நான் அந்தப் பக்கத்தைக் கூட்டியே பார்த்திருக்க மாட்டேன்.

நாலு ரன் விஷயம் பெரிய இடத்திலும் உண்டு. ஆஸ்திரேலிய மட்டையாளர் பிராட்மேன் டெஸ்டில் எடுத்தது 6996 ரன். அவுட் ஆனது 70 முறை. இன்னும் நாலு ரன் இருந்தால் சராசரி 99.94-க்குப் பதில் சரியாக 100. அந்த நாலு எங்காவது விட்டுப்போயிருக்குமா என்று பழைய ஸ்கோர் புக்குகளைக் குடைந்தவர்கள் இருக்கிறார்கள். தேடுவதில் தப்பில்லை. 100 வர வேண்டும் என்ற ஆசையோடு தேடும்போது, அந்தப் பக்கம் சாய்கிற பிழை மட்டும்தான் கண்ணில் படும். எதிர்ப்பக்கமாக நாலு ரன் கூடுதலாக ஏறிய பக்கத்தை யாரும் தேடுவதில்லை பாருங்கள்.

இங்கிலாந்து மட்டையாளர் ஜாக் ஹாப்ஸ் கதை வேறு. முதல்தர ஆட்டங்களில் அவருடைய சதங்கள் 197 என்று ஒரு சாரார் சொல்வார்கள், 199 என்று இன்னொரு சாரார். யாருக்கும் கூட்டல் தெரியாமல் இல்லை. 1930-31-ல் விஜயநகரம் இளவரசரின் அணிக்காக இந்தியாவிலும் இலங்கையிலும் ஆடினாரே, அங்கே அடித்த இரண்டு சதங்கள் முதல்தரக் கணக்கில் சேருமா சேராதா என்பதுதான் தகராறு. ஆக, எண்ணுவதற்கு முன் எதை எண்ணுகிறோம் என்று எழுதி வைக்க வேண்டும். நம் ஊரில் லீக் ஆட்டம், நட்பு ஆட்டம், பொங்கல் போட்டி, கார்க் பந்து, டென்னிஸ் பந்து எல்லாவற்றையும் ஒரே குண்டானில் போட்டுக் கிளறி "ஆயிரம் விக்கெட் எடுத்தவர்" என்று போஸ்டர் அடிப்பதைப் பார்த்திருக்கிறேன். ஆயிரமும் நிஜமாகவே இருக்கலாம். எந்த ஆயிரம் என்று சொல்லவில்லையே.

கோவைக்காரர்கள் கார் பந்தய வீரர் நரேன் கார்த்திகேயனைப் பற்றி எழுதும்போது இரண்டு இடத்தில் தடுமாறுவதைக் கவனித்திருக்கிறேன். அவர் ஃபார்முலா ஒன்னில் 48 பந்தயமா 46 பந்தயமா? பெயர் கொடுத்தது 48. ஆனால் 2011-லும் 2012-லும் ஆஸ்திரேலியாவில் தகுதிச் சுற்றைத் தாண்டவில்லை. ஓட்டியது 46. இரண்டு எண்ணும் சரி, தலைப்பு மாறினால் தப்பு. அடுத்தது 2005 அமெரிக்கப் பந்தயத்தின் நான்காம் இடம். அதற்கு அன்று 5 புள்ளி. 2010-லிருந்து நான்காம் இடத்துக்கு 12. ஒப்பிடுவதற்காக 12 என்று மாற்றிப் போடுகிறேன் என்றார் ஒரு நண்பர். தனியாக ஒரு கட்டம் போட்டு எழுதிக்கொள், அசல் கட்டத்தில் கை வைக்காதே என்றேன். அந்தப் பந்தயத்தில் டயர் பிரச்சினையால் மற்றவர்கள் விலக, ஆறு கார்தான் ஓடியது என்பதைக் குறிப்பில் சேர்க்க வேண்டும். அதற்காக நான்காம் இடம் ஆறாம் இடம் ஆகிவிடாது.

ஊர்ப் பெயரும் மாவட்டமும் கொங்கு நாட்டில் தனித் தலைவலி. தாராபுரத்துக்காரர் ஒருவர் வீடு மாறாமலேயே கோவை மாவட்டம், 1979-லிருந்து பெரியார் மாவட்டம், 1996-ல் பெயர் மாறி ஈரோடு மாவட்டம், 2009-லிருந்து திருப்பூர் மாவட்டம் என்று நாலு அணிக்கு ஆடியிருக்க முடியும். நாமக்கல் 1997 வரை சேலத்தோடு, கரூர் 1995 வரை திருச்சியோடு. பழைய சேலம் மாவட்ட அணிப் பட்டியலில் ராசிபுரத்துப் பையனைப் பார்த்துவிட்டு "வெளி மாவட்ட ஆள்" என்று நீக்கியவர் ஒருவர் உண்டு. மெட்ராஸ் அணியையும் இதே போல் குழப்புகிறார்கள். 1954-55-ல் ரஞ்சிக் கோப்பையை வென்றது மெட்ராஸ், 1987-88-ல் வென்றது தமிழ்நாடு. ஒரே அணியின் தொடர்ச்சிதான், ஆனாலும் அந்தந்த வருடத்து வரியில் அந்தந்தப் பெயர் நிற்க வேண்டும்.

தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் (டிஎன்பிஎல்) இது இன்னும் கிட்டத்தில் நடந்தது. 2016-ல் முதல் கோப்பையை வாங்கியது தூத்துக்குடி அணி. 2021-ல் அந்த அணி சேலம் ஸ்பார்ட்டன்ஸ் ஆனது. காரைக்குடி அணி திருப்பூருக்கு வந்தது. "2016 சாம்பியன்: சேலம்" என்று யாராவது எழுதினால் சேலத்துக்காரனுக்கே சிரிப்பு வரும். 2022 இறுதி ஆட்டம் கோவையில் மழையில் போய், கோவை கிங்ஸும் சேப்பாக் சூப்பர் கில்லீஸும் கோப்பையைப் பகிர்ந்தன. அட்டவணையில் வெற்றியாளருக்கு ஒரே கட்டம்தான் இருக்கிறது என்பதற்காக ஒரு பெயரை விட்டுவிடக் கூடாது. தேவைப்பட்டால் கட்டத்தை அகலப்படுத்துங்கள்.

ஆள் பெயரில் கை வைக்கும்போது இன்னும் கவனம் வேண்டும். பழனிசாமி, பழனிச்சாமி, பழனிஸ்வாமி மூன்றும் ஒருவராக இருக்கலாம். ஒரே அணியில் மூன்று பழனிசாமிகளும் இருக்கலாம், கொங்கு நாட்டில் அது அதிசயமில்லை. ஒரு தாளில் 'கே.', இன்னொன்றில் 'கு.' என்று தலைப்பெழுத்து இருந்தால் அது ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமாகவும் இருக்கும். சேலம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் 2016 ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கியபோது, அப்பா பெயரான தங்கவேலுவைப் பிடித்துக்கொண்டு "தங்கவேலு தாண்டினார்" என்று எழுதியவர்கள் உண்டு. ரியோவில் அவர் போட்டியிட்ட மாற்றுத்திறனாளிகள் பிரிவு டி42. டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம் வாங்கியது டி63. இரண்டையும் ஒரே பிரிவாக எழுதிவிடுகிறார்கள். டோக்கியோ 2020 நடந்தது 2021-ல் என்பது இன்னொரு கண்ணி.

பள்ளிப் பலகைகளில் அடிக்கடி மாட்டுவது 100 கெஜம். அது 91.44 மீட்டர்தான். பலகைக்குப் புதிதாகப் பெயின்ட் அடிக்கும்போது யாரோ 'கெஜம்' இருந்த இடத்தில் 'மீ' என்று எழுதிவிட, அந்தச் சாதனையை இன்றுவரை எந்தப் பையனாலும் முறியடிக்க முடியவில்லை. ஆண்கள் ஈட்டியின் வடிவம் 1986-ல் மாறியது. அதற்கு முந்தைய தூரத்தைத் தனியாக வையுங்கள். கையால் நிறுத்திய கடிகாரம் என்றால் அதையும் எழுதுங்கள்.

எக்செல்லையும் நம்பாதீர்கள். 5-11 என்று பந்துவீச்சுக் கணக்கை அடித்தால் நவம்பர் 5 ஆக்கிவிடும். 11.4 ஓவரையும் 3.4 ஓவரையும் கூட்டினால் 14.8 என்று காட்டும். சரியான விடை 15.2. ஆஸ்திரேலியாவில் 1978-79 வரை எட்டுப் பந்து ஓவர் இருந்தது உண்மை, நம்ம ஊருக்கு அதைக் கொண்டுவந்தது எக்செல். மட்டை பிடிக்காதவரின் காலிக் கட்டத்தை 0 என்று நிரப்பினால் அவர் சராசரி போயே போச்சு. பந்துகளாக மாற்றிக் கூட்டுங்கள், காலியைக் காலியாகவே விடுங்கள்.

பெரியவரின் வரியில் இப்போதும் 97 இருக்கிறது. அதன் கீழே நான் போட்ட குறிப்பு: "மூன்றாவது, நான்காவது விக்கெட்டுகளுக்கு இடையில் அடித்த ஒரு பவுண்டரி எந்த மட்டையாளர் கணக்கிலும் ஏறவில்லை. மொத்தம் 187-ஐப் பந்துவீச்சுப் பக்கம் உறுதிசெய்கிறது. இந்த ஆட்டக்காரர் தன் ரன் 101 என்கிறார். விழா மலரின் 101-க்கும் அவரே ஆதாரம்." கூட ஆடியவரின் 31-க்குக் கீழும் இதே குறிப்பு. அச்செடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியை ஏற்றிவிட்டு இரண்டு தடவை படித்தார். "சரிங்க தம்பி, அவனுக்குக் கீழயும் போட்டிருக்கீங்களா?" என்று கேட்டார். போட்டிருக்கிறேன் என்றதும் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அந்த ஸ்கோரரின் பேரன் பவானியில் இருப்பதாகவும், அவர்கள் வீட்டுப் பரணில் இன்னும் இரண்டு புக் கிடக்கும் என்றும் சொன்னார்.