நைத்திரிக் ஒட்சைட்டும் இழைமணியும்: விடையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹட்டன், பதுளைப் பக்கம் உயர்தரத்தில் உயிரியல் எடுக்கும் பிள்ளைகள் பலர் ஒரு வரியை மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள்: "நைத்திரிக் ஒட்சைட்டு கலத்தைக் கொல்லும் நச்சு வாயு." இது பாதி உண்மைதான். குருதிக்கலன்களைத் தளர்த்த நம் உடலே உண்டாக்கும் சைகையும் இதே வாயுதான். அதைக் கண்டறிந்ததற்கு 1998இல் பேர்ச்கொட், இக்னாரோ, முராட் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. கொல்லுமா, காக்குமா என்று கேட்பதே முதல் பிழை. எவ்வளவு, எத்தனை நேரம், பக்கத்தில் வேறு என்ன இருக்கிறது என்று கேளுங்கள்.

பெயரையும் குழப்ப வேண்டாம். தேயிலைக்கு யூரியா போட்ட மண்ணிலிருந்து கிளம்பும் பச்சைவீட்டு வாயு நைதரசு ஒட்சைட்டு. சிரிப்பூட்டும் வாயு என்பதும் அதுவே. அது வேறு, இது வேறு.

சரி, கலத்துக்குச் சக்தி உண்டாக்கும் நுண்ணுறுப்பான இழைமணிக்கு வருவோம். சுவாசத்தில் இலத்திரன்களைக் கைமாற்றும் புரதத் தொடரான இலத்திரன் கடத்தல் சங்கிலியின் கடைசியில் சைற்றோகுரோம் ஒட்சிடேசு என்ற நொதியம் இருக்கிறது. ஒட்சிசன் வந்து சேருமிடம் அதுதான். அதே இடத்துக்கு நைத்திரிக் ஒட்சைட்டும் போட்டி போடுகிறது. சயனைட்டு என்ற கொடிய நஞ்சும் இந்த நொதியத்தையே பிடிப்பதால் இரண்டும் ஒன்றுதான் என்று எழுதிவிடுகிறார்கள். அப்படியில்லை. ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்திலிருந்து நம் கலங்களே செய்துகொள்ளும் வாயு இது. ஒட்சிசன் கூடினால் விலகிவிடும், சுவாசம் பழையபடி நடக்கும். ஒட்சிசன் குறைந்த இழையத்திலோ கொஞ்சம் இருந்தாலே சுவாசம் நன்றாக இறங்கிவிடும். அதனால் ஒட்சிசன் அளவைச் சொல்லாத விடை அரைகுறையானது.

நிரந்தரச் சேதம் முழுவதையும் நைத்திரிக் ஒட்சைட்டின் தலையில் கட்டுவது அடுத்த தவறு. சங்கிலி தடைப்பட்டால் இலத்திரன்கள் கசிந்து ஒட்சிசனோடு சேர, சுப்பரொட்சைட்டு உண்டாகும். அதுவும் நைத்திரிக் ஒட்சைட்டும் சேர்ந்த மறுகணமே பெரொக்சிநைத்திரைற்று என்ற சேர்வை பிறக்கும். புரதம், கொழுப்பு, டீஎன்ஏ எல்லாவற்றையும் கெடுப்பது பெரும்பாலும் அதுதான். அந்தச் சேதம் லேசில் மீளாது.

கலச்சாவும் ஒரே வகையில்லை. இழைமணியிலிருந்து சைற்றோகுரோம் சீ என்ற புரதம் வெளியே கசிந்தால் கஸ்பேசு நொதியங்கள் கலத்தை ஒழுங்காகப் பிரித்து முடிக்கும். அதற்கு ஏரீபி, அதாவது கலம் செலவழிக்கும் சக்தி மூலக்கூறு, வேண்டும். ஏரீபி தீர்ந்துபோனால் கலம் வீங்கி வெடித்துச் சாகும். குறைந்த அளவில் இதே வாயு கஸ்பேசுகளில் ஒட்டிக்கொண்டு சாவைத் தடுப்பதும் உண்டு. இதைப் பலர் எழுதுவதேயில்லை.

நுவரெலியா, வெலிமடை பீற்றூட்டில் நைத்திரேற்று அதிகம், அதனால் கலம் செத்துவிடுமா என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். நாக்கிலுள்ள பற்றீரியாக்கள் அதை நைத்திரைற்றாக்கும், அதில் ஒரு பங்குதான் உடலுக்குள் நைத்திரிக் ஒட்சைட்டாகும். அது குருதிக்கலன் தளரும் அளவு. கலத்தைக் கொல்லும் அளவு, அழற்சியுள்ள இழையத்தில் நோயெதிர்ப்புக் கலங்கள் நெடுநேரம் சுரப்பதால் வருவது. பயப்படாமல் சாப்பிடுங்கள். கிருமிகொல்லி மருந்தால் அடிக்கடி வாய் கொப்பளித்தால் மட்டும், அந்தப் பற்றீரியாக்கள் குறைந்து பீற்றூட்டின் பலனும் குறையும்.