கேமரா வாங்கும்போது ஜூமை அல்ல, சென்சாரைக் கேளுங்கள்
கடையில் முதலில் சொல்வது "எத்தனை எக்ஸ் ஜூம்" என்பதைத்தான். நீங்கள் கேட்க வேண்டியது சென்சார் அளவு, அதாவது லென்ஸ் வழி வரும் ஒளியைப் படமாக்கும் சில்லின் அளவு. நிக்கான் பி1000 என்ற சூப்பர்ஜூமில் 125 மடங்கு ஜூம் உண்டு. ஏரியின் அக்கரையில் நிற்கும் நாரையின் கண்ணைக்கூடப் பிடிக்கலாம். ஆனால் உள்ளே இருப்பது 1/2.3 அங்குலச் சென்சார். இன்றைய பல செல்போன்களில் இருப்பதைவிடச் சிறியது. முழு ஜூமில் லென்ஸ் துளையும் எஃப்/8 என்ற அளவுக்குக் குறுகி, குறைந்த வெளிச்சத்தையே உள்ளே விடும். நல்ல வெயிலில் அருமை. கல்யாண மண்டபத்துக்குள் படம் புள்ளி புள்ளியாகிவிடும். எடை வேறு 1.4 கிலோ.

பறவை, நிலா என்ற ஆசை இல்லையென்றால் 1 அங்குலச் சென்சார் உள்ள காம்பாக்ட், அதாவது கையடக்கக் கேமரா வாங்குங்கள். சோனி ஆர்எக்ஸ்100 வரிசை பைக்குள் அடங்கும், மங்கிய வெளிச்சத்திலும் கைகொடுக்கும். சின்னச் சென்சார் காம்பாக்ட் வேண்டவே வேண்டாம். அதற்கு உங்கள் போனே போதும்.

ரேஞ்ச்ஃபைண்டர் என்ற, கையாலேயே ஃபோகஸ் செய்யும் கேமரா தனி ரகம். லைக்கா எம்11-இல் ஆட்டோஃபோகஸ் கிடையாது. கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரின் நடுவில் தெரியும் இரண்டு பிம்பங்களும் ஒன்றாகும் வரை லென்ஸ் வளையத்தைத் திருப்ப வேண்டும். தெருவில் நிதானமாக நடந்து படமெடுப்பவருக்கு அது சுகம். ஓடும் குழந்தையைப் பிடிக்கச் சிரமம். அந்தக் கேமராவின் தோற்றம் மட்டும் பிடித்திருந்தால் ஃபியூஜிஃபில்ம் எக்ஸ்100 வரிசையைப் பாருங்கள்: ஆட்டோஃபோகஸ் உண்டு, லென்ஸை மாற்ற முடியாது.