மாதவிடாய் நிற்கும் வயதில் மார்பகப் புற்றுநோய் ஹார்மோன் மாத்திரை

கீமோவுக்குப் பின் மாதவிடாய் வரவில்லை என்பதால் மட்டும் அது நின்றுவிட்டதாக எண்ணாதீர்கள். மாதங்கள் கழித்தும் சினைப்பை மீண்டும் இயங்கத் தொடங்கலாம். அந்நிலையில் உடலில் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் உருவாவதைக் குறைக்கும் மாத்திரையான லெட்ரோசோல் 2.5 மி.கி. தனியாகப் பலன் தராது; சினைப்பையைத் தூண்டிவிடவும் கூடும். சினைப்பை இயங்குகிறதா என்று காட்டும் எஸ்ட்ராடியால், எஃப்.எஸ்.எச். ஹார்மோன்களின் ரத்தப் பரிசோதனை பார்த்து, தேவையானால் சினைப்பையை அடக்கும் ஊசியோடுதான் தொடங்க வேண்டும். எலும்பு அடர்த்திக்கு டெக்ஸா ஸ்கேனும் முன்னதாகவே எடுத்துவிடுங்கள்.

புற்றுநோய் செல்களில் ஈஸ்ட்ரோஜன் வேலை செய்வதைத் தடுக்கும் மாத்திரையான டமாக்சிஃபென் என்றால் தினம் 20 மி.கி., பெரும்பாலும் 5 ஆண்டுகள், சிலருக்கு 10. ஒருநாள் விட்டுப்போனால் மறுநாள் இரட்டிப்பாக விழுங்க வேண்டாம். உடம்பு திடீரெனக் கொதித்து வியர்ப்பதற்குப் பராக்ஸெடின் (ஒரு மனச்சோர்வு மருந்து) எழுதித் தந்தால் மாற்று கேளுங்கள். டமாக்சிஃபெனை உடல் செயல்படும் வடிவத்துக்கு மாற்றுவதை அது தடுக்கும். அதற்கு மாற்றான வென்லாஃபாக்சின் மருந்தில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. மாதவிடாய் நின்றபின் ரத்தக்கசிவு, ஒரு காலில் மட்டும் வீக்கம், மூச்சுத்திணறல் இருந்தால் அடுத்த செக்கப் வரை காத்திருக்கக் கூடாது.